மணி அடித்தால் போகவேணும்: 1987இன் ஒரு ஸ்பானிய விளையாட்டைத் திரும்பிப் பார்த்தல்

முதல் தடவை அந்த மடத்துக்குள் போனபோது நாங்கள் கனநேரம் நிண்டுபிடிக்கவில்லை. மடத்தலைவர் வந்து வரவேற்றார். தனக்குப் பின்னால் வரச் சொன்னார். நாங்கள் இன்றைய விளையாட்டுகளில் பழகின ஆக்கள்தானே, முதலில் ஒருக்கா சுத்திப் பார்ப்பம் எண்டு மற்றப் பக்கம் திரும்பிவிட்டோம். அவர் கூப்பிட்டார். போகவில்லை. திரும்பவும் கூப்பிட்டார். திரையின் அடியில் இருந்த ஒரு கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அது முடிந்ததும் எங்களை மடத்தை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டார்கள். விசாரணையில் எத்தனை வீதம் முடித்தீர்கள் எண்டு ஒரு கணக்கும் வந்தது. எங்கட கணக்கு பூச்சியம்.

யாரும் எங்களைச் சுடவில்லை, வெட்டவில்லை, குழிக்குள் விழவும் இல்லை. சொல்வழி கேட்காததால் தோற்றுப்போனோம். இப்பிடித் தோற்கிற விளையாட்டை நாங்கள் அதுக்கு முதல் கண்டதில்லை.

இந்த விளையாட்டின் பெயர் ‘லா அபதீயா தெல் கிரிமென்’. தமிழில் ‘குற்றத்தின் மடம்’ எண்டு வைத்துக்கொள்ளலாம். 1987இல் ஸ்பெயினில் ஒப்பரா சொஃப்ட் எண்ட நிறுவனம் வெளியிட்டது. எழுதியது பாகோ மெனெந்தெஸ், வரைந்தது ஹுவான் தெல்கான். மெனெந்தெஸ் பிறந்தது 1965இல். கணக்குப் பார்த்தால், இந்த வேலை நடக்கிற காலத்தில் அவருக்கு எங்களில் கனபேருடைய வயதுதான்.

பழைய வீட்டுக் கணினி விளையாட்டுகளைப் பற்றிக் கதைக்கிற ஆக்கள் ‘அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள இவ்வளவையும் அடைச்சாங்களே’ எண்டு வியக்கிறது வழக்கம். அந்த வியப்பு எங்களுக்கும் இருக்கு. ஆனால் இந்த விளையாட்டை நாங்கள் திரும்பத் திரும்பத் திறந்ததுக்குக் காரணம் வேறு. கீழ்ப்படிவு எண்டால் என்ன, அதை எவ்வளவுக்குக் கொடுக்கலாம், எங்கே மீறவேணும் எண்ட கேள்வியை இது ஒரு கதையாகச் சொல்லாமல் எங்கட கையில் ஒரு கணக்காகத் தருகிறது.

சாய்வாகப் பார்த்த உலகம்

முதலில் அந்தக் காலத்துத் தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ளவேணும். பாடசாலையில் தொழினுட்ப வரைதல் படித்த ஆக்களுக்கு ‘சமவளவு எறியம்’ ஞாபகம் இருக்கும். ஒரு பெட்டியை மேலே இருந்து, ஒரு மூலைப் பக்கமாகப் பார்ப்பதுபோல் வரைகிறது. தூரத்தில் இருக்கிறது சின்னதாகாது. பக்கத்தில் இருக்கிறது பெரிசாகாது. எல்லாம் ஒரே அளவு. விளையாட்டு உலகம் இதை ‘ஐசோமெட்ரிக்’ எண்டு சொல்லும்.

1980களின் வீட்டுக் கணினிக்கு இது ஒரு வரம். உண்மையான முப்பரிமாணம் வேணும் எண்டால் ஒவ்வொரு அசைவுக்கும் பொருட்களின் அளவைத் திரும்பக் கணிக்கவேணும். 1982இல் வந்த இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் கணினியின் இசட் 80 சில்லு 3.5 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அதில் இதையெல்லாம் செய்ய நேரம் இல்லை. சமவளவு முறையில் ஒரு கதிரையை ஒருமுறை வரைந்தால் போதும். அதே படத்தை அறையின் எந்த மூலையிலும் வைக்கலாம். தூரத்தில் இருக்கிறதை முதலிலும் கிட்ட இருக்கிறதைப் பிறகும் வரைந்தால், ஒன்றுக்குப் பின்னால் மற்றது மறையும். கண் அதை ஆழம் எண்டு நம்பிவிடும்.

1983இல் சாண்டி வைட் எழுதிய ‘ஆன்ட் அட்டாக்’ ஸ்பெக்ட்ரத்தில் ஒரு முழு நகரத்தை இப்பிடிக் காட்டியது. அடுத்த வருடம் இங்கிலாந்தின் அல்டிமேட் நிறுவனம் ‘நைட் லோர்’ விளையாட்டை வெளியிட்டது. இரவில் ஓநாயாக மாறுகிற ஒருவன், நாற்பது நாளுக்குள் சாபம் தீர்க்கவேணும். கட்டைகள், முட்கள், தாவவேண்டிய இடங்கள் நிறைந்த அறை அறையான கோட்டை. அதுக்குப் பிறகு ஐரோப்பா முழுக்க இதே அச்சில் விளையாட்டுகள் வந்து குவிந்தன. 1986இல் ஜோன் ரிட்மனும் பேர்னி டிரம்மண்டும் ‘பேட்மேன்’ செய்தார்கள். 1987இல் அதே இருவர் ‘ஹெட் ஓவர் ஹீல்ஸ்’ செய்தார்கள். இண்டைக்கும் அந்த வகையின் உச்சம் எண்டு கனபேர் சொல்வது அதைத்தான்.

இவை எல்லாவற்றிலும் அறை ஒரு புதிர்ப்பெட்டி. எங்கே தாவுவது, எதை எங்கே தள்ளுவது எண்டதுதான் கேள்வி. நாங்கள் உள்ளே போகும் வரைக்கும் அந்த அறை காத்துக்கொண்டிருக்கும். நாங்கள் வெளியேறினால் அங்கே ஒன்றும் நடக்காது.

‘குற்றத்தின் மடம்’ இந்த அச்சை எடுத்துக்கொண்டு அதில் இருந்த தாவலை எடுத்துவிட்டது. இதில் நீங்கள் நடக்கலாம், திரும்பலாம், பொருளை எடுக்கலாம், வைக்கலாம், கேட்கிற கேள்விக்கு ஓம் அல்லது இல்லை சொல்லலாம். அவ்வளவுதான். உங்களுக்குத் தரப்படாத ஒன்றை மற்றத் துறவிகளுக்குக் கொடுத்தார்கள்: சொந்த வேலை. நீங்கள் பார்க்காத நேரத்திலும் அவர்கள் நடந்து திரிகிறார்கள். பூசைக்குப் போகிறார்கள், சாப்பிடப் போகிறார்கள், தங்கட இடத்துக்குத் திரும்புகிறார்கள். ஒருவன் ஒருநாள் அவனுடைய இடத்தில் இல்லாவிட்டால், அதுவே ஒரு தடயம்.

பெயர் கிடைக்காத கதை

கதையைக் கேட்டதுமே உங்களில் சிலருக்குப் பொறிதட்டும். உம்பர்ட்டோ எகோவின் ‘ரோஜாவின் பெயர்’ நாவல் 1980இல் இத்தாலியில் வந்தது. 1986இல் ஷோன் கொனரி நடிக்கப் படமாகவும் வந்தது. 1327ஆம் ஆண்டு, வட இத்தாலியில் ஒரு மடம். துறவிகள் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். விசாரிக்க ஒரு பிரான்சிஸ்கன் துறவி தன்ர இளம் சீடன் அட்சோவோடு வருகிறார். மடத்தின் உச்சியில் யாரும் போகக்கூடாத ஒரு நூலகம்.

மெனெந்தெசும் தெல்கானும் இந்த நாவலைத்தான் விளையாட்டாக்க விரும்பினார்கள். அந்தப் பெயரைப் பயன்படுத்த அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே தலைப்பு மாறியது. நாவலின் பாஸ்கர்வில் ஊர் வில்லியம், விளையாட்டில் ‘ஒக்காம் ஊர் கிய்யேர்மோ’ ஆனார். ஒக்காம் வில்லியம் அதே 14ஆம் நூற்றாண்டில் உண்மையாக வாழ்ந்த ஒரு மெய்யியலாளர். தேவையில்லாத ஊகங்களை வெட்டிவிடு எண்ட சிந்தனை அவர் பெயரால்தான் அறியப்படுகிறது. துப்பறிகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு என்ன?

இதில் ஒரு விநோதமும் இருக்கு. எகோ தன் நாவலுக்குப் பின்னர் எழுதிய பின்குறிப்பில், அதை எழுதும்போது தான் வைத்திருந்த தற்காலிகத் தலைப்பு ‘குற்றத்தின் மடம்’ எண்டு சொல்லியிருக்கிறார். அவர் வேண்டாம் எண்டு விட்ட தலைப்பில்தான் விளையாட்டு வந்து சேர்ந்தது.

கோடு குறைகிறது

விளையாட்டு ஏழு நாள் நடக்கும். ஒவ்வொரு நாளும் நாங்கள் பழகின மணித்தியாலங்களாகப் பிரிக்கப்படவில்லை. மடத்துச் செபவேளைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கு. ஒவ்வொரு வேளைக்கும் எங்கே நிற்கவேணும் எண்டு ஒரு ஒழுங்கு. பூசை நேரம் கோயிலில் உங்கட இடத்தில் நிற்கவேணும். சாப்பாட்டு நேரம் சாப்பாட்டு மண்டபத்தில் நிற்கவேணும். இரவில் உங்கட அறைக்குள் போகவேணும். அட்சோ ‘நித்திரை கொள்ளுவமா?’ எண்டு கேட்பான்.

முதலில் சொன்ன அந்தக் கோட்டுக்குப் பெயர் ‘ஒப்செக்குயம்’. லத்தீன் சொல். பணிவு, கீழ்ப்படிவு எண்டு பொருள். மற்ற விளையாட்டுகளில் உயிர் அளவு இருக்கிற இடத்தில் இங்கே பணிவின் அளவு இருக்கு. பிந்தி வந்தால் குறையும். போகவேண்டாம் எண்ட இடத்துக்குப் போனால் குறையும். தீர்ந்தால் வெளியேற்றம்.

நல்லபிள்ளையாக மணிக்கு மணி போனால் என்ன நடக்கும்? நாங்கள் அதையும் செய்து பார்த்தோம். பூசைக்கு நேரத்துக்குப் போனோம், சாப்பிடப் போனோம், நேரத்துக்கு நித்திரை கொண்டோம். கோடு குறையவில்லை. துறவிகள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டே இருந்தார்கள். நாட்கள் ஓடின, கொலைகாரன் ஆர் எண்டு ஒரு துரும்பும் தெரியவில்லை.

விளையாட்டின் முடிச்சு இதுதான். முழுக்கக் கீழ்ப்படிந்தால் உண்மை கிடைக்காது. முழுக்க மீறினால் உண்மையைத் தேட உள்ளே இருக்கவே விடமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில், ஆரும் பார்க்காத சில நிமிடங்கள்தான் உங்களுக்குச் சொந்தம். சாப்பாடு முடிந்து அடுத்த மணி அடிக்கும் முன் சமையலறைப் பக்கம் ஓடிப்போகலாமா? இரவில் மடத்தலைவர் சுற்றி வருகிற பாதைக்கு எதிர்ப்பக்கமாகப் போனால் நூலகத்துக்கு ஏறலாமா? நாங்கள் கடதாசியில் ஒரு நேரசூசி கீறி, எந்த வேளையில் ஆர் எங்கே நிற்கிறார்கள் எண்டு எழுதிவைத்து விளையாடினோம்.

அந்தக் கடதாசியைப் பார்த்த எங்களில் ஒருத்தி சொன்னாள், ‘இது எங்கட பள்ளிக்கூடம்தான்’ எண்டு. காலை மணி, செபம் அல்லது தேவாரம், வரிசை, மாணவத் தலைவர்களின் கண், பிறகு ரியூசன். பன்னிரண்டு பதின்மூன்று வருடம் நாங்கள் எல்லாரும் ஒரு கண்ணுக்குத் தெரியாத கோட்டைக் காப்பாற்றிக்கொண்டுதான் வந்தோம். எங்களுக்கு உண்மையாகப் பிடித்த எதையும், ஒரு புத்தகமோ ஒரு சிநேகிதமோ, நாங்கள் கண்டுபிடித்தது மணிகளுக்கு நடுவில் தப்பின நேரத்தில்தான். ஸ்பெயினில் இரண்டு இளைஞர்கள் எங்களை நினைத்து இதைச் செய்யவில்லை. ஆனாலும் அவர்கள் கட்டினதுக்குள் போனால் எங்களுக்கு வழி தெரியுது.

நூலகம் இன்னொரு சோதனை. அங்கே இருட்டு, விளக்கு இல்லாமல் ஒன்றும் தெரியாது. விளக்கில் எண்ணெயும் தீரும். அதைவிட, இந்த விளையாட்டில் அறைக்கு அறை பார்வைக் கோணம் மாறும். ஒரு அறையில் மேல்மூலையாகத் தெரிந்த திசை அடுத்த அறையில் வேறு மூலைக்குப் போய்விடும். வெளியே இது ஒரு தொந்தரவு. நூலகத்தின் சுழல்வழிக்குள் அதுவே பயம். மற்ற விளையாட்டுகள் இடத்தைத் தெளிவாகக் காட்டப் பயன்படுத்திய முறையை, இவர்கள் ஆக்களைத் தொலைக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

குறைகளையும் சொல்லத்தான் வேணும். இது மிகக் கஷ்டமான விளையாட்டு. ஏன் தோற்றீர்கள் எண்டு பல நேரம் விளங்காது. முக்கியமான ஒரு கட்டத்தில், ஒரு கண்ணாடிக்கு முன்னால் சரியான படியில் நிண்டுகொண்டு, விசைப்பலகையில் கியூ, ஆர் எண்ட இரண்டு எழுத்துகளையும் சேர்த்து அமத்தவேணும். நாவலில் வருகிற ஒரு லத்தீன் விடுகதையின் விடை அது. நாவல் படிக்காத ஒருவர் அதைத் தானாகக் கண்டுபிடிப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். நடக்கிறதுக்கான விசைகளும் கைக்கு வர நாளெடுக்கும்.

எட்டுக் கிலோபைட்டும் ஒரு வரியும்

இந்த விளையாட்டு முதலில் எழுதப்பட்டது அம்ஸ்ட்ராட் சி.பி.சி. 6128 கணினிக்கு. 128 கிலோபைட் நினைவகம். இண்டைக்கு ஒரு கைப்பேசிப் படம் ஒன்றே அதைவிடப் பல மடங்கு பெரிசு. அந்த இடத்துக்குள் முழு மடம், அதன் மாடிகள், நூலகம், துறவிகளின் முகங்கள், அவர்களின் ஏழு நாள் நடமாட்டம், வசனங்கள் எல்லாம் இருக்கவேணும். மெனெந்தெஸ் இதுக்காகத் தனக்கென்று சின்னக் கட்டளை மொழிகளை உருவாக்கினார். அறைகளை முழுப் படங்களாகச் சேமிக்காமல், ‘இந்த இடத்தில் ஒரு வளைவு, அந்த இடத்தில் ஒரு தூண்’ எண்டு குறிப்புகளாகச் சேமித்தார். துறவிகளின் நடத்தையும் அப்பிடித்தான். பல்வேறு கணினிகளுக்கு இது பிறகு மாற்றப்பட்டது. ஸ்பெக்ட்ரத்திலும் 48 கிலோபைட் வகையில் ஓடாது, 128 கிலோபைட் வகை வேணும்.

அந்த நாட்டில் நினைவகத்துக்கு ஒரு அரசியலும் இருந்தது. 1985இல் ஸ்பெயின் அரசு, 64 கிலோபைட்டும் அதுக்குக் குறைவும் உள்ள இறக்குமதிக் கணினிகளுக்கு ஒரு வரி போட்டது. அம்ஸ்ட்ராட் என்ன செய்தது தெரியுமா? தன் 64 கிலோபைட் கணினிக்குள் இன்னொரு எட்டுக் கிலோபைட் சில்லைச் சொருகி, ‘சி.பி.சி. 472’ எண்டு பெயர் வைத்து 72 கிலோபைட் கணினியாக விற்றது. அந்த எட்டுக் கிலோபைட்டை யாராலும் பயன்படுத்தமுடியாது, அது வரியிலிருந்து தப்புவதுக்கு மட்டும். சட்டத்தின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்துகொண்டே சட்டத்தை மீறுவது மடத்துக்கு வெளியேயும் நடந்தது.

அந்தக் கணினியை ஸ்பெயினில் விநியோகித்த இன்டெஸ்கொம்ப் நிறுவனம்தான், மெனெந்தெஸ் தன் கூட்டாளிகளோடு செய்த முதல் வெற்றியான ‘ஃப்ரெட்’ விளையாட்டையும் வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் நாடுகளின் அம்ஸ்ட்ராட் பிள்ளைகள் அதை ‘ரோலண்ட் ஒன் த ரோப்ஸ்’ எண்டு அறிவார்கள். 1983 தொடக்கம் ஏறத்தாழ பத்து வருடத்தை ஸ்பானிய மென்பொருளின் பொற்காலம் எண்டு சொல்கிறார்கள். 16 பிட் கணினிகளும் கொன்சோல்களும் வந்தபோது அந்தச் சின்ன நிறுவனங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கவில்லை.

பிறகு ஆர் காப்பாற்றினார்கள்?

மெனெந்தெஸ் இந்த விளையாட்டோடு அந்தத் துறையை விட்டுப் போய்விட்டார். கணினியின் நினைவகத்தையும் இணைச் செயலாக்கத்தையும் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கினார். 1999இல், முப்பத்தைந்து வயது ஆகும் முன்னரே இறந்துபோனார். அவர் விட்டுப்போன விளையாட்டு அப்போது ஸ்பெயினுக்கு வெளியே பெரிதாகத் தெரியாத ஒன்று.

அதைக் காப்பாற்றினது நிறுவனமோ அரசோ இல்லை, சின்ன வயதில் அதில் தோற்றுப்போன ஆக்கள். மனுவெல் அபதீயா எண்ட நிரலாளர் மூல நிரலை வரி வரியாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் என்ன செய்கிறது எண்டு எழுதிவைத்தார். ஸ்பானிய மொழியில் ‘அபதீயா’ எண்டால் மடம், அவருடைய குடும்பப் பெயரே அது! மெனெந்தெஸ் உருவாக்கின அந்தக் கட்டளை மொழிகள் பற்றி வெளியுலகுக்கு விவரமாகத் தெரிந்தது இப்படித்தான். மனுவெல் பாசோசும் தானியெல் செலெமினும் 2016இல் ‘எக்ஸ்டென்சம்’ எண்ட விரிவான மறுபதிப்பை இலவசமாக வெளியிட்டார்கள். நாங்கள் விளையாடினது அதைத்தான், ஸ்டீமில் இறக்கி. பிறகு எமியூலேட்டர் ஒன்றில் பழையதையும் பார்த்தோம். 2017இல் ஸ்பெயினின் அஞ்சல் துறை இந்த விளையாட்டுக்கு ஒரு முத்திரையும் வெளியிட்டது.

அரசு முத்திரை போடுவதுக்கு முப்பது வருடம் பிடித்தது. அதுக்கு இடையில் ஆரும் சொல்லாமல், ஆரும் காசு கொடுக்காமல், சிலர் இரவுகளில் குந்தியிருந்து இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். அந்த வேலை இல்லாவிட்டால் முத்திரையில் போட ஒரு படம் மட்டும் மிஞ்சியிருக்கும், உள்ளே போய்த் தோற்பதுக்கு ஒரு மடம் இருந்திராது. இதை எங்கட ஊரில் பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமப்படுத்துகிற தன்னார்வலர்களோடு சேர்த்து நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஹுவான் தெல்கான் அமெரிக்காவுக்குப் போய் அசைவூட்டக் கலைஞரானார். 2020 மார்ச்சில், ஊரடங்கு நேரம், தீக்குச்சிகள் வரிசையாக நிற்கிற ஒரு குட்டிக் காணொளி எங்களில் கனபேருடைய வட்ஸ்அப்புக்கு வந்தது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தீ பரவிக்கொண்டு வரும். ஒரு குச்சி மட்டும் கால் முளைத்து வரிசையை விட்டு விலகும். தீ அதோடு நின்றுவிடும். அதை வலன்தீனா இசகிர்ரேயோடு சேர்ந்து செய்தது இதே தெல்கான்தான். அது எங்களுக்குத் தெரியவந்தது இந்தக் கட்டுரைக்காகத் தேடினபோதுதான்.

அதுக்குப் பிறகு நாங்கள் திரும்பவும் மடத்துக்குள் போனோம். இந்த முறை மடத்தலைவர் கூப்பிட்டதும் பின்னாலேயே போனோம், அவர் காட்டின அறைக்குள் ஒழுங்காக நுழைந்தோம். பூசைக்குப் போனோம். இரவானது. ‘நித்திரை கொள்ளுவமா?’ எண்டு அட்சோ கேட்டான். இல்லை எண்டு சொன்னோம்.

அன்று பிடிபட்டுவிட்டோம். கணக்கு மட்டும் பூச்சியத்தைத் தாண்டிவிட்டது. நீங்களும் ஒருக்கா போய்ப் பாருங்கோ.